பின் சீட்டுக்குப் போன குழாய்

பிரியமுள்ள தம்பிக்கு,

பட்டணத்தில் நீ தங்கியிருக்கும் சிநேகிதர் வீட்டு விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். சனிக்கிழமை ரயிலேறுவதற்குள் உன் கைக்குக் கிடைத்துவிடும். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவள், நாலு நாள் பொறுத்து நேரில் சொல்லாமல் தபாலில் எழுதுகிறாளே என்று உனக்குத் தோன்றலாம். நம் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் உன் அத்தை அதை முடித்து வைப்பார். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நீயும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே ஷெட்டுக்குப் போய்விடுவாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பழகிவிட்டது. ஆனால் இந்த ஒரு விஷயத்தை நடுவில் யாரும் பேசாமல் நீ முழுக்கக் கேட்க வேண்டும்.

புறப்படும் அன்று காலை காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாய். "இஸ்கூல் வேலய உட்டுடச் சொல்லிட்டேன் சின்னம்மா. அவ ஒடம்புக்குக் காரு ஆவல. ரெண்டு தபா பாத்தாச்சி. நான் வந்ததும் மேனேஜரண்ட எழுதிக் குடுத்துடலாம்." உன் மனைவி சுகிர்தம் சமையலறை வாசலில் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றாள். துடைத்து முடித்த தட்டையே மறுபடி துடைத்தாள். புத்தலப்பட்டுப் பள்ளிக்கூடத்து வேலை அவளுக்குக் கலியாணத்துக்கு முன்பே கிடைத்தது. டிரெயினிங் முடித்து, பரீட்சை தேறி, தானாகச் சம்பாதித்த இடம். தினமும் திருப்பதிக்குச் சவாரி போகிறவன் வழியில் இறக்கிவிட்டுப் போகலாம் என்று நீதான் சந்தோஷமாக ஏற்பாடு செய்தாய். முன் சீட்டு வக்கீல்களுக்கு, அவள் பின் சீட்டில். முதல் தடவை பாதி வழியில் வாந்தி. இரண்டாம் தடவை பள்ளிக்கூட வாசலில் இறங்கியவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை சிரித்தார். "உங்க சின்னம்மா ரகமேதான்டா இவளும்" என்றார். நீயும் சிரித்தாய். கெட்ட மனத்தோடு சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். கோடை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தை சொன்ன அந்த ரகத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது. உனக்கும் எனக்கும் நடுவில் பதினோரு வயதுதான் இடைவெளி. உன்னைப் பெற்றவளின் இடத்துக்கு நான் வரவில்லை, பக்கத்தில் ஒரு இடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சின்னம்மா என்று நீ கூப்பிடுவதிலேயே அந்த இடம் இருக்கிறது, எனக்கு அது போதும். நைனா அப்போதுதான் துரை வீட்டு டிரைவர் வேலையை விட்டுவிட்டுப் பழைய கார் ஒன்றை வாங்கிச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வாடகைக்கு ஓட்டத் தொடங்கியிருந்தார். இன்று நீ ஓட்டுகிறாயே, அதே கார். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். பின் சீட்டைச் சுற்றிக் காவி நிறத் திரை. வக்கீல் வீட்டு, மிராசுதார் வீட்டுப் பெண்கள் திரை இல்லாத காரில் ஏறமாட்டார்கள். திரை உள்ள காருக்குத்தான் நல்ல சவாரி கிடைத்தது.

அந்தப் பெண்கள் கையில் எலுமிச்சம்பழத்தோடு ஏறுவார்கள். திருப்பதியில் இறங்கும்போது முகம் வெளுத்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வெறும் வயிற்றோடு சாமி பார்க்கப் போகிறவர்கள், அதனால் என்பார் நைனா. எங்கள் சபைப் பெண்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினாலும் அதே கதைதான். கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "பொம்பளைங்களுக்கு மோட்டார் ஆவாது. எத்தினி பேரப் பாத்துட்டேன்." அவர் பார்த்தது உண்மை. முன்னால் உட்கார்ந்த எந்த ஆணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் எந்த ஆணும் உட்காரவில்லை. இந்த இரண்டாவதை யாரும் கவனிக்கவில்லை. கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிக்கிறவள் என்று பெயர் வாங்கியிருந்த நானும் கவனிக்கவில்லை.

நீ வேலூரில் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தபோது என் அப்பாவுக்குக் கடைசியாக உடம்பு முடியாமல் போனது. திருப்பதியிலிருந்து தந்தி வந்தபோது காலை ரயில் போய்விட்டிருந்தது. நைனா சவாரியை விட்டுவிட்டுக் காரை எடுத்தார். தயங்காமல் எடுத்தார், அதை நான் மறக்கவில்லை. ஜெபம் பண்ணுவதற்காகச் சபை ஐயரும் கூட வந்தார், முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் திரைக்குள் நான் தனியாக. புத்தலப்பட்டு தாண்டியதும் தலை இரண்டாகப் பிளப்பது போல் வலித்தது. கண்ணுக்கு முன்னால் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு புளியமரத்தடியில் படுத்துவிட்டேன். காற்று பட்டதும் கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. போகலாம் என்றேன். ஏறினேன். ஒரு மைல்கூடப் போயிருக்கமாட்டோம், மறுபடி அதே வலி, வாந்தி. இந்தத் தடவை காரை விட்டு இறங்கக்கூட முடியவில்லை. ஐயர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, இந்த உடம்போடு போனால் அங்கே ஒன்றுக்கு இரண்டாகிவிடும் என்றார். நைனா கதவைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாணாம்மே. திரும்பிடலாம். நீயும் பூட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. முதல் மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். என்னை இங்கேயே விட்டுவிடுங்கள், நடந்து போகிறேன் என்று சொன்னேன். குரல் வெளியே வந்ததா என்று எனக்கே தெரியாது. கார் திரும்பியது.

மறுநாள் ரயிலில் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் பெரியவள் வந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்ததாகத் தங்கை சொன்னாள். வழியில் இருக்கிறாள் என்று இவர்களும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு என் பெயரோடு அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. கார் ஆகாத உடம்பு. யாரும் திட்டிச் சொல்லவில்லை, அக்கறையாகச் சொன்னார்கள், அதனால் மறுத்துப் பேச இடமே இல்லை. உன் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்த நாளுக்கு நைனாவும் அத்தையும் போனார்கள். நீ வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாய் என்று அத்தை வந்து சொன்னார். கன்வென்ஷன் கூட்டங்களுக்கு எல்லோரும் காரில் கிளம்பும்போது எனக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். நானே கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். என் உடம்புதான் எனக்குத் துரோகம் செய்துவிட்டது என்று நம்பினேன். நம்பிவிட்டால், அப்பாவைப் பார்க்க முடியாமல் போனதற்கு வேறு யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நீ யுத்தகாலத்தில் பட்டாளத்து வண்டிகளைப் பழுது பார்க்கப் பட்டணம் போயிருந்த சமயம், என் தங்கைக்குக் கலியாணம் வந்தது. நைனா எங்கிருந்தோ பெட்ரோலுக்கு ஏற்பாடு செய்து, சீர் என்று மாம்பழக் கூடைகளைப் பின் சீட்டில் கூரை வரைக்கும் ஏற்றினார். நான் ரயிலில் போவதாக இருந்தது. ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருவதற்குள் ரயில் போய்விட்டது. வேறு வழியில்லாமல் முன்னால் உட்காரச் சொன்னார். புத்தலப்பட்டு தாண்டியதும் வலி வரும் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது வரவே இல்லை. திருப்பதியில் இறங்கியபோது எனக்குப் பசித்தது. கார் பிரயாணத்துக்குப் பிறகு பசி வந்தது அதுதான் முதல் தடவை. கூடைகளைப் பிரித்தார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தார். "இதி மாமிடி பண்டா, மோட்டார் பண்டா?" என்றார். மாம்பழமா மோட்டார் பழமா என்று கலியாண வீடே கேட்டுச் சிரித்தது. கூடையில் போட்டிருந்த வைக்கோல் முழுக்கக் கருகிய எண்ணெய் வாடை. நான் சிரிக்கவில்லை. பந்தலைத் தாண்டிப் போய்க் காரின் பின் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் விரித்திருந்த பாயைத் தூக்கினேன்.

பலகையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒரு ரப்பர் குழாயின் வாய் மேலே வந்திருந்தது. ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவது போல் அதன் வாயில் துணி கட்டி, நூலால் அழகாகச் சுற்றியிருந்தது. துணி எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. நைனாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு அது ஒரு ரகசியமாகவே இல்லை. "அது இன்ஜின் மூச்சு வாங்குற கொழாய். ஆத்துல கல்லு மோதி பழைய இரும்புக் கொழாய் ஒடஞ்சி பூடுச்சி. கீழ தொங்கினா ரோட்டுப் புழுதியெல்லாம் உள்ள பூடும். அதான் சுத்தமான எடமாப் பாத்து வாய வெச்சேன்." காரிலேயே புழுதி வராத சுத்தமான இடம், பெண்கள் உட்காரும் இடம். திரை போட்டு மூடிய இடம்.

அவர் அசட்டையாக எதையும் செய்யவில்லை என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு நீளத்துக்குக் குழாயை அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கம்பியால் கட்டி, சைலன்சர் சூடு படாமல் தள்ளி, துணியை மாதம் ஒரு தடவை மாற்றி, குழந்தையைப் போலக் கவனித்திருக்கிறார். ஒரே ஒரு வார்த்தையில்தான் தவறு. மேடு ஏறுகிற வண்டியைப் பார்த்து மூச்சு வாங்குகிறது என்கிறோம். ஓடி வந்தவன் உஸ் உஸ் என்று காற்றை வெளியே தள்ளினாலும் மூச்சு வாங்குகிறான் என்றுதான் நம் பேச்சு. மூச்சுக்குழாய் என்று யாரோ சொன்னதை வைத்து அவர் வாங்கும் குழாய் என்று எடுத்துக்கொண்டார். இன்ஜினை ஓட விடச் சொன்னேன். துணியை அவிழ்த்துவிட்டு உள்ளங்கையை அந்த வாய்க்கு நேரே பிடித்தேன். வெதுவெதுப்பான காற்று கையைத் தள்ளியது. அவர் கையையும் பிடித்து அங்கே வைத்தேன்.

"வாங்கல. விடுது" என்றேன்.

அவர் நெடுநேரம் கையை எடுக்கவில்லை. அன்றைக்கே குழாயைப் பின்னாலிருந்து உருவி, இன்ஜின் பக்கத்திலேயே கீழே இறக்கி, வாயைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டினார். அதற்குப் பிறகு நான் பின் சீட்டில் எத்தனையோ தடவை போய்வந்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சபையில் யாரோ ஆச்சரியப்பட்டுக் கேட்டபோது அவர் சொன்ன பதில் இதுதான்: "இப்போ தேவல. பழகிச்சி." கார் சரியானது. என்னைப் பற்றிய பேச்சு சரியாகவில்லை. ஆகாத உடம்பு பழகிய உடம்பானது, அவ்வளவுதான். நானும் அவரை நாலு பேர் நடுவில் திருத்தவில்லை.

இனி, நைனா கட்டியதை எடுத்துவிட்டு நீ போட்ட குழாய்க்கு வருகிறேன். பட்டாளத்து வண்டிகளில் பார்த்த புது முறை என்று உன் சிநேகிதனிடம் நீ விளக்கியதை நான் கூடத்துத் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். சிலிண்டருக்குள் வெடிக்கிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து, கீழே எண்ணெய் நிற்கும் பெட்டிக்குள் இறங்குகிறது. அதைச் சும்மா ரோட்டில் விடுவானேன், குழாய் வைத்துக் கார்புரேட்டர் காற்று இழுக்கும் வாயோடு சேர்த்துவிட்டால் இன்ஜினே அதை இழுத்து எரித்துவிடும் என்றாய். நல்ல யோசனை. முதலில் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நீ ஊருக்குப் போன மறுநாள், சுகிர்தம் முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்து வெயிலை உள்ளே காட்ட, நான் இன்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உன் குழாய் இன்ஜின் பக்கத்திலிருந்து புறப்பட்டு, கீழே தொங்கி, மறுபடி மேலே ஏறுகிறது. துணி காயப்போட்ட கொடி நடுவில் தொய்வது போலத் தொய்ந்திருக்கிறது. அந்தத் தொய்வை அமுக்கினேன், உள்ளே களக் என்றது. கழற்றிக் கவிழ்த்தபோது தண்ணீரும் எண்ணெயும் கலந்து கெட்டி மோர் போல வெள்ளையாகக் கொட்டியது. ஆவி குளிர்ந்து தண்ணீராகி, தாழ்ந்த இடத்தில் தங்கி வழியை அடைத்துவிட்டது. வழி அடைபட்ட புகை எங்கே போகும்? எண்ணெய் ஊற்றும் மூடியின் ஓரமாகவும் மூட்டுகள் வழியாகவும் பிதுங்கி, காருக்கு அடியில் பரவுகிறது. நைனா குழாயை எடுத்தார், ஆனால் பின்னால் இருந்த ஓட்டையை அடைக்கவில்லை. உன் புகை அந்த ஓட்டை வழியாகத்தான் மேலே வருகிறது.

கொட்டியதைத் துடைத்துவிட்டு நீ வைத்திருந்தபடியே குழாயை மாட்டினேன். இரண்டு நாளில் அது மறுபடி அடைத்துக்கொள்ளும், நைனா கடைத்தெருவுக்கு ஓட்டிப் போய்வருகிறாரே. அப்படித்தான் ஆயிற்று. நேற்றுச் சாயங்காலம் காரைத் தெருவில் நிறுத்தி இன்ஜினை ஓட விட்டிருந்தார். அப்போது சுகிர்தம் செய்ததை நான் செய்திருக்கமாட்டேன். அவள் நேராக அவரிடம் போனாள். "மாமா, ஒருவாட்டி நீங்க பின்னாடி குந்துங்களேன். திரைய நானே இழுத்து உடறேன். நீங்க கோஷாப் பொம்பள, நான் டிரைவரு" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் காரின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. சிரித்துக்கொண்டே ஏறினார். உள்ளேயிருந்து, டிரைவரம்மா மெதுவாக ஓட்டு என்று கேலி பேசினார். பிறகு ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்தார். பிறகு சத்தம் இல்லை. திரை அசைந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் சுவரில் சாய்ந்தார். நான் ஓடிப்போய் இன்ஜினை நிறுத்தினேன். சுகிர்தம் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள்.

நாங்கள் இருவரும் மட்டும் நின்றிருந்தோம். நெற்றியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இதேதானா உனுக்கு?"

"இதேதான்."

"அன்னிக்கி நான் திருப்பி இருக்கக் கூடாதும்மே."

அவர் சொன்னது உண்மை இல்லை. அந்த சீட்டில் இன்னும் பத்து மைல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ. என்னை முன்னால் உட்காரவைத்து ஐயரைப் பின்னால் அனுப்பியிருந்தால் போதும், அப்பாவைப் பார்த்திருப்பேன். அது அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. இதையெல்லாம் அந்த முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் அத்தை வாசலுக்கு வந்து, என்ன ஆச்சு, ஏன் இப்படி வேர்த்திருக்கிறது என்று பதறினார். நைனா நிமிர்ந்து நின்றார். "வெயிலு" என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டபோதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். அவர் மேல் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவர் வயதில் இனி அவரால் வேறு சொல்ல முடியாது. உன்னால் முடியும். நீ வந்ததும் குழாயைத் தொய்வில்லாமல், தொடங்கும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை மேல்நோக்கியே போகும்படி கட்டு. உள்ளே தண்ணீர் கட்டினாலும் அது இன்ஜினுக்கே திரும்பி வழிந்துவிடும். இப்போது போட்டிருக்கிற ரப்பர் நைந்துபோயிருக்கிறது, இன்ஜின் காற்றை இழுக்கும்போது சப்பிப்போய் அடைத்துக்கொள்ளும். கெட்டியானதாகப் பட்டணத்திலேயே பார்த்து வாங்கி வா. பின் பலகை ஓட்டைக்குத் தகடு வைத்து ஆணி அடி. திரையைக் கழற்றிவிடு, சுகிர்தத்துக்கு அது வேண்டாமாம். கட்டி முடித்த பிறகு அவளை ஏற்றுவதற்கு முன், நைனாவை ஓட்டச் சொல்லிவிட்டு நீ பின்னால் உட்கார்ந்து புத்தலப்பட்டு வரை ஒரு தடவை போய்வா. உன் கைவேலையை உன் தலையே சோதிக்கட்டும்.

இதெல்லாம் ஒரு காலைப்பொழுது வேலை. இன்னொன்று இருக்கிறது. அதற்கு அவ்வளவு நேரம் வேண்டாம், ஆனால் இந்த வீட்டில் இதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே நிற்கும்போது, காரு ஆவாத பொண்ணு வேலையை விடுகிறாளாம் என்று அத்தை யாரிடமாவது பேச்செடுப்பார். கேலியாக அல்ல, பரிதாபமாகத்தான் எடுப்பார். அப்போது, பழகிவிடும் என்று சொல்லாதே. இப்போது தேவலை என்றும் சொல்லாதே. கெட்டிருந்தது அவள் உடம்பு இல்லை, உன் கார் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல். அத்தையிடம் குரலை உயர்த்த வேண்டியதில்லை. சொல்லிவிட்டு அங்கேயே நில்.

என்னைப் பற்றி நீ எதுவும் சொல்ல வேண்டாம். நைனா தலைகுனியும்படி எதுவும் வேண்டாம். நான் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இனி எந்தக் காரும் போகாது. அவளுக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறது.

சின்னம்மா